இடிக்குப் பயப்படும் நாயை மழைக்காலத்தில் பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் மணி நாட்டு நாய். தெருவில் எந்த நாய் வந்தாலும் எதிர்த்து நிற்பான். இடி கேட்டால் மட்டும் குளியலறைக் கதவைப் பிறாண்டித் திறந்து, வாளிக்குப் பின்னால் ஒடுங்கிவிடுவான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கிய இரவில் அவனுக்கு ஒழுகிய எச்சிலில் மிதியடியே நனைந்துவிட்டது. ஆறுதல் சொல்வதாக நினைத்து அவனை வெளியே இழுத்தேன். நடுக்கம் இன்னும் கூடியது. அதற்கப்புறம் மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவை இவை.

1. அறிகுறியை முதலிலேயே பிடியுங்கள்
தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, காதைப் பின்னுக்கு மடக்குவது, ஓடாமலே மூச்சிரைப்பது, நம் காலோடு ஒட்டி அலைவது. நமக்கு இடி கேட்கும் முன்பே இதெல்லாம் தொடங்கிவிடும்.

2. அது தேடிப்போகும் இடத்தையே தயார் செய்யுங்கள்
கட்டிலடியோ குளியலறையோ, பழைய போர்வையும் தண்ணீரும் வையுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். மின்னல் தெரியாதபடி திரையை மூடி, மின்விசிறியை வேகமாக ஓடவிடுங்கள். கட்டிப்போட வேண்டாம். பயத்தில் சங்கிலியை இழுத்துக் கழுத்தைக் காயப்படுத்திக்கொள்ளும்.

3. மழைக்கு முன்பே வெளியே கூட்டிப்போய் வாருங்கள்
வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படத்தைக் கைபேசியில் பாருங்கள். சென்னையில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகை மழை கடல் பக்கமிருந்து வரும். மேகம் நெருங்குவதற்குள் சிறுநீர், மலம் கழிக்க வைத்து, சாப்பாடும் கொடுத்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். மிரண்டு ஓடும் நாய் வழி தவறிவிடும்.

4. பக்கத்தில் இருங்கள்
"தடவிக் கொடுத்தால் பயந்து பழகிடும்" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. பயம் ஒரு உணர்ச்சி, அன்பு காட்டுவதால் அது வளராது. நாய் நெருங்கி வந்தால் மார்பை மெதுவாக வருடுங்கள், வராவிட்டால் சும்மா அருகில் உட்காருங்கள். மணி என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொள்வான். நான் அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகும். திட்டுவது, அடிப்பது கூடவே கூடாது.

5. மழையில்லா மாதங்களில் பழக்குங்கள்
ஜனவரிக்கு மேல் தொடங்கலாம். இடியோசையின் பதிவைக் காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, ஒவ்வொரு இடிக்கும் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும். சாப்பிட மறுத்தால் ஒலி அதிகம் என்று பொருள், உடனே குறையுங்கள். ஒலியை ஏற்றுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரம் வேண்டாம்.

6. அடங்காத பயமென்றால் மருத்துவரிடம் போங்கள்
கதவைக் கடிப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது வரை போனால் மருந்து தேவைப்படலாம். மருத்துவர் சொல்லும் மாத்திரையைப் பெரும்பாலும் இடி தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டியிருக்கும், நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடம்பு அடங்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். நமக்கான மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் நாய்க்கு நஞ்சாகலாம்.

7. மழை விட்ட பிறகு
தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அதில் நடந்து வந்தால் கால்களைக் கழுவித் துடையுங்கள், அந்த நீரைக் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.