கேத வீட்டுல மைக் புடிக்கப் போறீங்களா, இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க

நான் மைக் செட் வாடகைக்கு விடுற ஆளு, ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம். முளைப்பாரி, காதுகுத்து, கட்சி மீட்டிங், கேதம்னு சொல்ற சாவு வீடு எல்லாத்துக்கும் குழாய் கட்டிருக்கேன். ஒரு கேதத்துல இறந்தவரு பேரு, சொந்தபந்தம் பேரெல்லாம் மைக்குல வாசிக்க வேண்டிய வாத்தியாரு வர முடியாமப் போச்சு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல சும்மா உக்காந்திருந்த என் கையில பேப்பரக் குடுத்து நீயே வாசிடான்னுட்டாங்க. அப்படித்தான் ஆரம்பிச்சது. இப்ப மண்டபத்துல இருந்து சாயல்குடி வரைக்கும் கூப்புடுறாங்க, மைக் செட் இல்லாட்டியும் பரவால்ல நீங்க மட்டும் வாங்கன்னு. பசங்க ரெண்டு மூணு பேரு எப்படிண்ணே பண்றது, காசு எப்படி வாங்குறதுன்னு கேட்டாய்ங்க, அதான் எழுதுறேன்.

கேத வீட்டுல முன்ன நின்னு நடத்திக் குடுத்துப் பேசுற இந்த வேலைக்கு நம்மூர்ல தனிப் பேரு கெடையாது. ஆஸ்திரேலியாவுல 1973ல லயனல் மர்ஃபின்னு ஒரு மந்திரி, பாதிரியார் இல்லாம கல்யாணம் நடத்தி வைக்கிறதுக்கு சாதாரண ஆளுங்கள நியமிச்சாரு, அப்புறம் சனங்க அவங்களையே சாவுக்கும் கூப்பிட ஆரம்பிச்சு இப்ப அங்க அது ஒரு தொழிலாவே ஆயிருச்சு, செலிப்ரன்ட்னு பேரு. நம்ம பக்கம் பெரியார் கட்சிக்காரங்க வீட்டுல சடங்கு இல்லாம படத்திறப்பு வைப்பாங்கல்ல, அதுல முன்ன நின்னு நடத்துறவரு மாதிரின்னு வச்சுக்கங்க. ஆனா இங்க நம்மளக் கூப்புடுறது பேசுறதுக்கு மட்டும் இல்ல. பந்தலுக்கு யாரு, ஐஸ் பெட்டிக்கு யாரு, எத்தன மணிக்கு எடுக்குறீங்க, டீ எத்தன சொல்ல, எல்லாத்தையும் அழுதுக்கிட்டு இருக்குற மகன்ட்டயே வந்து கேப்பாய்ங்க. அவன அழ விடணும், கேள்விய நாம வாங்கிக்கணும். பேச்சு கடைசில பத்து நிமிஷம்தான்.

போன் வந்த உடனே நேரா போங்க, வெறுங்கையோட. மொதல்ல பாக்க வேண்டியது வாய்க்கட்டும் கால்கட்டும் போட்டாச்சான்னு. செத்து ரெண்டு மூணு மணி நேரத்துலயே கண்ணிமையும் தாடையும் வெறைக்க ஆரம்பிச்சிரும், நம்மூரு வெக்கைக்கு இன்னும் சீக்கிரம், அப்புறம் திறந்த வாய மூட முடியாது, பேரப் புள்ளைங்க மனசுல அந்த முகம்தான் நிக்கும். கண்தானம் பண்றேன்னு இறந்தவர் சொல்லி வச்சிருந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அதுவரைக்கும் இமைய மூடி ஈரப் பஞ்சு வச்சு, தலைக்கு ரெண்டு தலகாணி குடுத்து, ஃபேன ஆஃப் பண்ணிருங்க. இத மெதுவா ஒரே ஒரு ஆள்ட்ட மட்டும் கேளுங்க, முடியாதுன்னா அதோட விட்டுருங்க. ஐஸ் பெட்டி வந்தா வோல்டேஜ் பாத்துக்கங்க, கடக்கரை ஊர்கள்ல ராத்திரி கரண்ட் இழுத்து இழுத்து வரும், பெட்டி ஓடுற மாதிரி தெரியும் ஆனா குளுந்திருக்காது. ஜெனரேட்டர் ஒண்ணு சொல்லி வச்சிருங்க.

வீட்டுல இறந்தவங்கன்னா ஒரு டாக்டர வரவச்சு எழுதி வாங்கிக்கங்க. ஆஸ்பத்திரியில இறந்து உடம்பு வரணும்னா 108 வராது, அது உயிரோட இருக்குறவங்களுக்கு. அரசு ஆஸ்பத்திரிக்கு இலவச அமரர் ஊர்தி இருக்கு, 155377. பாதிப் பேருக்கு இது தெரியாம கடன் வாங்கி தனியார் வண்டிக்குக் குடுக்குறாங்க.

அடுத்து, யாரு முடிவு எடுக்குறதுன்னு கண்டுபுடிங்க. சத்தமா பேசுறவரு பெரும்பாலும் அது கெடையாது. பந்தல்ல சேர் போட்டு உக்காந்து உத்தரவு போடுற சித்தப்பா ஒருத்தரு எல்லா வீட்டுலயும் இருப்பாரு, ஆனா உள்ள போயி வீட்டம்மாட்ட கேட்டா கத வேற மாதிரி இருக்கும். நான் எப்பவும் மொதல்ல உள்ள இருக்குற பொம்பளைங்கட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் வெளிய வந்து பேசுவேன். இறந்தது பொம்பளையா இருந்தா பொறந்த வீட்டுக் கோடித் துணி வராம எதையும் நகத்தாதீங்க. அண்ணன் தம்பி வர்றதுக்கு முன்னாடி நீர்மாலைக்கு, அதான் குளிப்பாட்டத் தண்ணி எடுக்க, கெளம்பிட்டாங்கன்னு சண்டையாகி பாடைத் தேர் மூணு மணி நேரம் வாசல்லயே நின்னத பாத்துருக்கேன். பாம்பன் ரோட்டுப் பாலம் 1988ல திறக்குறதுக்கு முன்ன ராமேஸ்வரம் தீவுக்குள்ள வர ரயிலு இல்லாட்டி படகுதான், அப்பவே காத்திருந்து எடுத்த சனம் நாம. இப்ப பரமக்குடி தாண்டிட்டேன்னு போன்ல சொல்றவருக்கு ஒரு மணி நேரம் நிக்க மாட்டமா. அவரு நெஜமா எங்க இருக்காருன்னு லொகேஷன் அனுப்பச் சொல்லுங்க, அது வேற விஷயம்.

பேர் வாசிக்கிறது சின்ன வேலைன்னு நெனைக்காதீங்க. இன்ஷியல் சரியான்னு பாருங்க, மருமகன் பேரு விட்டுப் போச்சான்னு பாருங்க, ரெண்டு குடும்பம் இருந்தா ரெண்டுலயும் கேட்டு, எப்படிப் போடணும்னு அவங்க வாயாலயே சொல்ல வைங்க. காலமானாரா, இயற்கை எய்தினாரா, சிவலோக பதவி அடைந்தாரா, இதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும், கருப்புச் சட்டைக்காரர் வீட்டுல போயி சிவலோக பதவின்னு வாசிச்சா அடிக்க மாட்டாங்க ஆனா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க.

வெளிநாட்டுல இருக்குற மகன் வீடியோ காலுல வருவான், இது இப்ப எல்லா வீட்டுலயும் இருக்கு. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தராவது சவுதி, துபாய், மலேசியான்னு இருப்பாங்க. போன ஆளாளுக்கு வாங்கி ஆட்டிக்கிட்டு இருப்பாங்க, அவனுக்கு பந்தல் துணியும் ஆளுங்க காலும்தான் தெரியும். நீங்க ஒரு ஸ்டாண்டும் பவர் பேங்க்கும் கையோட வச்சிருங்க. முகத்துப் பக்கம் திருப்புறதுக்கு முன்னாடி "தம்பி, இப்ப அம்மாவக் காட்டப் போறேன், உக்காந்துக்கப்பா"ன்னு சொல்லுங்க. அங்க ரூமுல பக்கத்துல யாராச்சும் இருக்காங்களான்னும் கேளுங்க, தனியா இருந்தா கூட வேல பாக்குற ஒருத்தரக் கூப்பிட்டு வச்சுக்கச் சொல்லுங்க. வாய்க்கரிசி போடுறப்ப அவன் பேரச் சொல்லி தம்பியப் போடச் சொல்லுங்க, அந்தப் பக்கம் அவனும் கைய நீட்டுவான். இதுல நம்மளுக்கே தொண்ட அடைக்கும், பரவால்ல.

ஒப்பாரி வைக்கிறப்ப மைக்க ஆஃப் பண்ணிருங்க, கிட்ட கொண்டு போகவே கூடாது. அத ரெக்கார்ட் பண்ணி வாட்ஸப்புல விடுற பசங்களையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க.

இப்ப பேச்சு. எடுக்குற அன்னைக்கு மூணு நிமிஷம் போதும், வெயில்ல நிக்குறாங்க, உள்ள உடம்பு இருக்கு. பெருசா பேசுறதெல்லாம் பதினாறாம் நாள் படத்திறப்புக்கு வச்சுக்கங்க, அங்கயும் பத்து நிமிஷத்தத் தாண்டாதீங்க. அதுக்குக் கேக்க வேண்டிய நேரம் ராத்திரி, கூட்டம் கொறஞ்சு நாலஞ்சு பேரு கடுங்காப்பியோட உக்காந்திருப்பாங்கல்ல, அப்ப. அப்பா எப்படிப்பட்டவருன்னு கேட்டா நல்ல மனுஷன்னுதான் பதில் வரும், அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. காலையில எந்திரிச்ச உடனே என்ன பண்ணுவாரு, எதுக்குக் கோவம் வரும், எந்தப் பேரன் கேட்டா காசு குடுப்பாரு, கடைசியா யார்ட்ட பேசாம இருந்தாரு, இப்படிக் கேளுங்க. ஒரு கருவாட்டுக்காரப் பாட்டிக்கு இப்படிக் கேக்கப் போயி மருமக சொன்னாங்க, எடை போட்ட பெறகு ரெண்டு நெத்திலி சேத்துப் போடாம இருக்காதுன்னு, பேத்தி சொல்லுச்சு, பாட்டி இலங்கை வானொலி ஓடாம தூங்காதுன்னு. இந்த ரெண்ட மட்டும் வச்சுப் பேசுனேன், அந்தத் தெருவே அழுதுச்சு, நடுவுல சிரிச்சுச்சு. நான் ஒண்ணும் பெருசா பேசல, அவங்க குடுத்தத திருப்பிக் குடுத்தேன் அவ்வளவுதான். டீக்கடைக்காரரு, கூடப் படகுல போனவரு, ரேஷன் கடை வரிசையில பக்கத்துல நிக்குறவங்க, இவங்கள்ட்டயும் கேளுங்க, வீட்டுக்காரங்களுக்கே தெரியாதது வரும். அத மேடையில சொல்றதுக்கு முன்ன வீட்டுல ஒரு தடவ சொல்லிட்டுச் சொல்லுங்க.

பொய் சொல்லாதீங்க. ஆரம்பத்துல ஒரு படத்திறப்புல, யாரு மனசும் நோகாம வாழ்ந்தவருன்னு அடிச்சு விட்டேன், எல்லாருக்கும் சொல்ற மாதிரி. முன் வரிசையில இருந்த அவரு சம்சாரம் எந்திரிச்சு உள்ள போயிருச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, அந்தம்மா கையில இருந்த தழும்பு எதுனாலன்னு. நான் போயி மன்னிப்புக் கேட்டேன், "நீ என்னய்யா பண்ணுவ, ஒனக்கு என்ன தெரியும்"னு சொல்லுச்சு. தெரிஞ்சுக்காம பேசுனதுதான தப்பு. இப்பல்லாம் அப்படிப்பட்ட ஆளுன்னா அவரு பாத்த வேல, பொறந்த ஊரு, வளத்த புள்ளைங்க, இதோட நிறுத்திக்குவேன். குடியையும் அடியையும் மைக்குல சொல்ல வேண்டியதில்ல, ஆனா உத்தமர்னும் சொல்ல வேண்டியதில்ல. தற்கொலைன்னா எப்படி ஏன்னு ஒரு வார்த்த கூட வரக்கூடாது, நீங்களும் கேக்கக் கூடாது. அந்த வீட்டுல ஒடஞ்சு போயி இருக்குறவங்களுக்கு மனநல உதவிக்கான 14416 நம்பர எழுதிக் குடுங்க, தமிழ்லயே பேசுவாங்க.

கடல்ல செத்தவங்க, காணாமப் போனவங்க வீட்டுல பேசுறதுதான் இந்த வேலையிலயே கஷ்டமானது, இத நிதானமாப் படிங்க.

உடம்பு கெடச்சா போலீஸ் கேஸு, போஸ்ட்மார்ட்டம் உண்டு, அது முடியாம வீட்டுக்கு வராது. கடல்ல ரெண்டு மூணு நாள் கெடந்த உடம்புன்னா முகத்த மூடியே வச்சிருங்க, பாத்தே ஆகணும்னு மனைவி சொன்னா கைய மட்டும் காட்டச் சொல்லுங்க, மோதிரமோ கயிறோ இருக்கும். எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ் மூணையும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லுங்க, மீனவர் விபத்துக் காப்பீட்டுல பதிஞ்சிருந்தா 5 லட்சம் வரும், அதுக்கு இதெல்லாம் கேப்பாங்க.

உடம்பு கெடைக்கலன்னா, அங்க நீங்க கேதத்துக்கே போகல. மொதல்ல தேடுறதுக்குச் சொல்லியாச்சான்னு பாருங்க, கடலோரப் போலீசுக்கு 1093, கோஸ்ட் கார்டுக்கு 1554. அந்த வீட்டுல பேசுறப்ப "இருந்தாரு"ன்னு வாயில வந்துறக் கூடாது. "இருக்காரு"ன்னுதான் பேசணும், அவரு சம்சாரமே மாத்திச் சொல்ற வரைக்கும். தாலிய எப்ப எறக்குறது, பொட்டு வைக்கலாமா கூடாதா, எதையும் நீங்க பேசாதீங்க, பேசுற கெழவிங்களையும் டீ வாங்கிக் குடுத்து அந்தாண்ட கூட்டிட்டுப் போயிருங்க. சட்டப்படி ஆளு காணாமப் போயி 7 வருஷம் சேதியே இல்லன்னாத்தான் இறந்தவரா எடுத்துக்குவாங்க, மனசுக்கு அப்படி ஒரு கணக்குக் கெடையாது. 1964 டிசம்பர் தனுஷ்கோடி புயல்ல போனவங்க நெறைய பேருக்கு உடம்பே கெடைக்கல, அந்தக் குடும்பங்கள்ல சில பேரு துணிமணிய வச்சுக் காரியம் பண்ணாங்க, சில பேரு பண்ணவே இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா நாலு வருஷம் கழிச்சு திடீர்னு போன் பண்ணி, தம்பி படம் தெறக்கணும், வாங்கன்னுச்சு. என்ன பேசணும்மான்னு கேட்டேன். அவருக்கு நண்டு ஓடு ஒடைக்கத் தெரியாது, நாந்தான் ஒடச்சுக் குடுப்பேன், அத மட்டும் சொல்லுங்கன்னுச்சு. அத மட்டும்தான் சொன்னேன்.

மத்த ஊர் வழக்கம் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கங்க. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் முஸ்லிம் வீடுகள்ல மையத்து, அதாவது இறந்தவரு உடம்பு, சம்பந்தமான எல்லாத்தையும் பள்ளிவாசல் ஜமாஅத்தே பாத்துக்கும், சீக்கிரமா அடக்கம் பண்ணிருவாங்க. இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையில குனியிறது, நெத்திய தரையில வைக்கிற சுஜூது எதுவும் இல்ல, நின்ன வாக்குல நாலு தக்பீர் (அல்லாஹு அக்பர்னு சொல்றது), சில நிமிஷம்தான். 2015 ஜூலை 30 கலாம் ஐயாவ ராமேஸ்வரம் பேக்கரும்புல அடக்கம் பண்ணப்ப பிரதமரே வந்தாரு, தொழுகை அதே தொழுகைதான். அங்க நமக்கு மைக் வேல இல்ல, போயி ஓரமா நில்லுங்க. தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர் மாதிரி ஊர்கள்ல ஃபாதர் நடத்துவாரு, பூசை பிரசங்கத்துல புகழுரை கெடையாது, வீட்டு சார்பா நாலு வார்த்த பேசணும்னா எங்க பேசலாம்னு அவர்ட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

சான்றிதழ் விஷயம் ஒண்ணு. 21 நாளைக்குள்ள பதிஞ்சிரச் சொல்லுங்க, ஊருல விஏஓ, டவுன்ல நகராட்சி. அதத் தாண்டுனா லேட் ஃபீஸு, ஒரு வருஷத்தத் தாண்டுனா மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வரைக்கும் அலையணும். ஆதார்ல இருக்குற மாதிரியே பேரு எழுத்துக்கு எழுத்து இருக்கணும், ஒரு எழுத்து மாறுனாலும் பேங்க்குல இருந்து வாரிசுச் சான்றிதழ் வரைக்கும் இழுத்தடிக்கும். பதினாறு முடிஞ்ச கையோட நானே ஒரு தடவ ஞாபகப்படுத்துவேன்.

காசு பத்தி கேட்டீங்க. கேத வீட்டுல நின்னு பேரம் பேசாதீங்க, நான் செட் வாடகை மட்டும்தான் சொல்லுவேன், பேசுறதுக்கு அவங்களா குடுத்தா வாங்கிக்குவேன், இல்லாத வீட்டுல அதுவும் இல்ல. இத மட்டும் நம்பி பொழப்பு ஓட்ட முடியாது, கல்யாண ஆர்டர் கைவசம் வச்சுக்கங்க. சாப்பாடு போட்டா உக்காந்து சாப்புடுங்க, வேணாம்னு சொன்னா சங்கடப்படுவாங்க.

தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு சேதுக்கரைக்கோ அக்னி தீர்த்தத்துக்கோ போறப்ப சில வீட்டுல நம்மளயும் கூப்புடுவாங்க. போங்க, ஒரு வெள்ள வேட்டி எடுத்து வச்சுக்கங்க, அங்க கூட்டத்துல செருப்பு காணாமப் போகும், பழசப் போட்டுட்டுப் போங்க.