மயக்க ஊசி என்றால் எந்த ஊசி? பல் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் ஒரு மெடிக்கல் ஷாப் கவுன்டருக்குப் பின்னால் 22 வருடமாக நிற்கிறேன். ஒரு டிசம்பர் காலை, மணி பத்தரை இருக்கும். ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு வந்த ஓர் அம்மாவின் நெற்றியில் மட்டும் வியர்வை முத்து முத்தாக நின்றது. கை நடுங்கியதில் மருந்துச் சீட்டு படபடத்தது. "பல்லு பிடுங்கிட்டு வர்றேன் தம்பி, ஊசி ஒத்துக்கலை போல" என்றார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமே இல்லை. சுகர் மாத்திரையை மட்டும் ஏழு மணிக்கே போட்டிருக்கிறார். பக்கத்து டீக்கடையிலிருந்து சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. சாப்பிடாமல் மாத்திரை போட்டதில் சுகர் இறங்கியிருக்கிறது; ஊசி ஒரு பாவமும் செய்யவில்லை.

ஏன் சாப்பிடாமல் போனார்? "மயக்க ஊசி போட்டு எடுக்கணும்னு சொன்னாங்க, அதான்."

இந்த ஒரு சொல்லால் எத்தனை குழப்பம்! பல் பிடுங்க ஈறில் போடுவது மரத்துப்போகும் ஊசி. பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெயின், கூடவே கொஞ்சம் அட்ரினலின். நினைவு தப்பாது, தூக்கம் வராது. இதற்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நினைவை மங்கவைக்கும் அல்லது முழுதாகத் தூங்கவைக்கும் மயக்கம் வேறு. அதற்குத்தான் லேசான சாப்பாடும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்தப்பட வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் வரை குடிக்கலாம். மயக்கத்தில் வாந்தி வந்து அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் நாம் "மயக்க ஊசி" என்றே சொல்கிறோம். எந்த ஊசி, சாப்பிடலாமா, சுகர் மாத்திரையை என்ன செய்வது, இந்த மூன்றையும் சொல்லி அனுப்புவது பல் டாக்டரின் கடமை. அவர் சொல்லவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மலையில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். பெரிய சிகிச்சை என்றால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று கீழே இறங்குகிறோம். கொடைக்கானல்காரர்கள் வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போகிறார்கள். கொண்டை ஊசி வளைவில் குமட்டும் என்று பாதிப் பேர் காலையில் சாப்பிடுவதே இல்லை. மீதிப் பேர் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். அந்த மாத்திரையில் பெரும்பாலும் ப்ரோமெத்தசின் இருக்கும்; அதுவே தூங்கவைக்கும் மருந்து. அதற்கு மேல் டாக்டர் மிடசோலம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்தால் தூக்கம் நினைத்ததைவிட ஆழமாகும், மூச்சும் மந்தமாகலாம். "பஸ்ஸுக்குப் போட்டது, அது என்ன பெரிய மருந்தா" என்று நினைத்து அதை டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். அந்த மயக்கத்துக்குப் பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. கூட ஒரு ஆள் இல்லாமல் மலையேறி வரவும் கூடாது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது

எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன். கடவாய்ப்பல் வீங்கி, "மூணு நாள் மாத்திரை போட்டுட்டு வாங்க, அப்புறம் பிடுங்கலாம்" என்று எழுதிக் கொடுத்த சீட்டுடன் வந்தார். அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. பல் வீக்கத்துக்கு வழக்கமாக எழுதுவதுதான். எடுத்து வைத்துவிட்டேன். பணம் எடுக்க அவர் சட்டைப் பையைத் துழாவியபோது ஒரு பிளாஸ்டிக் கவர் வெளியே வந்தது. உள்ளே நான்காக மடித்த இன்னொரு சீட்டு, பாதி தீர்ந்த அசிட்ரோம் அட்டை. இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் இரவில் அந்த மாத்திரை.

மெட்ரோனிடசோல் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டிவிடும். டைக்ளோஃபெனாக் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். இரண்டும் சேர்ந்து மூன்று நாள் ஓடி, அதன் மேல் பல்லைப் பிடுங்கியிருந்தால் ரத்தம் நிற்பது பெரும்பாடாகியிருக்கும். "டாக்டர் கேட்கலையாண்ணா?" என்றேன். "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கான்னு கேட்டார். ரெண்டும் இல்லையே!"

அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் போதவில்லை. "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? என்ன ஆபரேஷன் ஆகியிருக்கு? எந்த மருந்தாவது முன்னால ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்காமல் பல் மருந்து எழுதுவது தவறு என்றே நான் சொல்வேன். டாக்டரை போனில் பிடித்தேன். உடனே மாற்றி எழுதினார். வால்வு மாற்றியவருக்குப் பல் பிடுங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் 2 கிராம் அமாக்ஸிசிலின் கொடுப்பது வழக்கம், அதையும் குறித்துக்கொண்டார். ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்த பிறகு தேதி கொடுத்தார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பல் பிடுங்கப் போகிறோம் என்று அசிட்ரோமையோ ஆஸ்பிரினையோ தாமாகவே நிறுத்திவிடுவது. ஈறில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி, தையல் போட்டு நிறுத்திவிடலாம். வால்விலோ மூளையிலோ கட்டும் ரத்தக்கட்டியை அப்படி நிறுத்த முடியாது. எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் ஊசியோ எடுப்பவர்களும் சொல்லியே ஆக வேண்டும்; பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரைக் கோளாறு சிக்கிள் செல். அந்தக் குணம் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-ல். சிக்கிள் செல் நோய் உள்ளவருக்கு ஆக்ஸிஜன் குறைவது, உடம்பில் நீர் வற்றுவது, குளிர் எல்லாமே திடீரென்று கடும் வலியைக் கிளப்பும். பரிசோதனை அட்டை இருந்தால் பல் டாக்டரிடமும் காட்டுங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் மயக்கத்துக்குக் காத்திருக்க வைத்தால் அதை டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

குழந்தைகள்

மரத்துப்போகும் ஊசிக்கும் அளவு உண்டு. அது எடையைப் பொறுத்தது. குழந்தைகளுக்கு லிக்னோகெயின் கிலோவுக்கு 4.4 மி.கி. என்பது பாதுகாப்பான உச்சவரம்பு. 15 கிலோ குழந்தைக்கு 66 மி.கி. தான் வருகிறது. 2 சதவீத மருந்தில் அது 3 மி.லி.க்குச் சற்று அதிகம். கீழே போய் வருவது கஷ்டம் என்று "ஒரே நாள்ல நாலு பல்லையும் பார்த்துடுங்க டாக்டர்" என்று நாமே அவசரப்படுத்துகிறோம். அளவு தாண்டுவது அங்கேதான். எடை பார்க்காமல் ஊசி போட்டால் "எடை பார்த்தீங்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, நாக்கு குழறுவது, உடம்பு வெட்டுவது என்றால் அளவு மீறியதன் அறிகுறி.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று. உதடு மரத்திருப்பது தெரியாமல் குழந்தை அதையே மென்றுவிடும். மறுநாள் வீங்கிப்போன உதட்டைப் பார்த்து "மருந்து ஒத்துக்கலை" என்று ஓடி வருவார்கள். மரப்பு முழுதாக விடும்வரை முறுக்கு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் நிமெசுலைடு வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். 12 வயதுக்குக் கீழே அதைக் கொடுக்க 2011-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது.

இரண்டு பெயர், ஒரே மருந்து

டாக்டர் எழுதிய வலி மாத்திரையில் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். இரவில் வலி கேட்காமல் வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் 650-ஐயும் போடுவார்கள். காலையில் இன்னொரு கடையில் கெட்டோரோலாக், அதுவும் அசிக்ளோஃபெனாக் வகைதான். ஒரே வகை வலி மருந்து இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது. வயிறும் சிறுநீரகமும்தான் அடி வாங்கும். கெட்டோரோலாக் 5 நாளுக்கு மேல் கூடவே கூடாது. ஆஸ்துமா, குடல் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சொல்லாமல் இந்த வகையைத் தொடக் கூடாது. அப்புறம், சொத்தையின் வலிக்கு ஆன்டிபயாட்டிக் வலி நிவாரணி அல்ல. வீக்கம், காய்ச்சல், சீழ் இல்லாத வெறும் கூச்சத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

"ஒத்துக்கலை" என்று பொதுவாகச் சொல்லி விடுவது

ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தால் அது பெரும்பாலும் அட்ரினலின். தலை சுற்றிக் கண் இருட்டினால் பெரும்பாலும் பயம். லிக்னோகெயினுக்கு உண்மையான அலர்ஜி மிக அபூர்வம். ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது வந்திருந்தால் அது வேறு கதை. எந்த மருந்து, எத்தனை நிமிடத்தில், என்ன நடந்தது என்று எழுதி வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பாதை அடைபட்டால் 108 வர எவ்வளவு நேரமாகும் என்று நமக்குத் தெரியும். அதனால் ஆக்ஸிஜனும், கடும் அலர்ஜிக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசியும் கிளினிக்கிலேயே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்பது தப்பே இல்லை.

தவறு நடந்துவிட்டால்

ஒரு சிகிச்சை கெட்டுப்போனது என்பதாலேயே அது அலட்சியமாகிவிடாது. ஊசி போட்ட பக்கம் சில வாரம் மரத்திருப்பதும் வாய் திறக்கக் கஷ்டப்படுவதும் கவனமான டாக்டர் கையிலும் நடக்கும். கேட்க வேண்டியதைக் கேட்காதது, தெரிந்த அலர்ஜிக்கே அதே மருந்தை எழுதியது, மயக்கத்தில் இருப்பவரைக் கண்காணிக்காமல் விட்டது, இவைதான் அலட்சியம். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோயம்புத்தூரில் சிகிச்சை எடுத்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியிலுள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் மாநில பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும்.

இதற்கெல்லாம் கையில் காகிதம் வேண்டும், அது பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை. சீட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போகிறார்கள். நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர்கள் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறோம். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் ஓரம் எங்கள் டப்பாவிலேயே தங்கிவிடுகிறது. வாங்கும்போதே கவுன்டரில் முழு அட்டையையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில் கேளுங்கள், தர வேண்டியது எங்கள் வேலை.