டி.ஆர்.ஏ. வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் டை-எலெக்ட்ரிக் ரெசனேட்டர் ஆண்டெனாவோடு (டி.ஆர்.ஏ., செராமிக் கட்டியே அலை வீசும் ஆண்டெனா) வந்து நிற்கிறார்கள். அகன்ற அலைவெண் பட்டை, வட்ட போலரைசேஷன் (அலையின் மின்புலம் சுழன்றபடியே போவது) இரண்டும் வேண்டுமாம். சொதப்பல்கள் மட்டும் எங்கள் காலத்துப் பழசு. கணக்குப் பிழைகளை விடுங்கள், அவை சிமுலேஷனிலேயே தெரிந்துவிடும்.

அடியில் தங்கும் காற்று

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். சிமுலேஷனில் செராமிக் கட்டி கிரவுண்ட் தகட்டின்மேல் (அடியிலுள்ள உலோகத் தகடு) இடுக்கே இல்லாமல் உட்காரும். நிஜத்தில் நடுவே பசையும் காற்றும் புகுந்துகொள்ளும். அங்கே மின்புலம் தகட்டுக்குச் செங்குத்து. செராமிக்கின் பெர்மிட்டிவிட்டி (காற்றோடு ஒப்பிட்ட மின்புகு திறன்) 10 என்றால், இடுக்கில் இருக்கும் காற்றில் புலம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதனால் 0.1 மி.மீ. இடுக்குகூட ஒத்ததிர்வு அலைவெண்ணை மேலே தள்ளிவிடும்.

சீராகத் தள்ளினாலாவது சமாளிக்கலாம். கட்டி சாய்ந்து உட்கார்ந்தால்தான் வினை. வட்ட போலரைசேஷனுக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு மோடுகள் (கட்டிக்குள் புலம் அதிரும் வடிவங்கள்) சம வீச்சிலும் 90 டிகிரி கட்ட வித்தியாசத்திலும் இருக்க வேண்டும். ஒரு ஓரம் தூக்கினால் ஒரு மோடு மற்றதைவிட அதிகம் நகர்ந்து, வீச்சு, கட்டம் இரண்டும் கெடும்.

ஒரு பையன் அலுமினாவைக் கிரானைட் பட்டறையில் கொடுத்து அறுத்து வந்தான். மேல்பக்கம் பளபளப்பு, ஒட்டுகிற பக்கம் பிளேடு போன வரி வரியாக. "எஸ்11 சூப்பரா இருக்கு சார்!" என்றான். இருக்கும்தான். சக்தி உள்ளே போகிறதா என்பதை மட்டுமே எஸ்11 சொல்லும், எப்படிச் சுழன்று வெளியேறுகிறது என்பது அதற்குத் தெரியாது. பெங்களூரில் காசு கட்டி சேம்பரில் (எதிரொலிப்பு இல்லாத அளவீட்டு அறை) அளந்தால், ஆக்சியல் ரேஷியோ (சுழற்சி எவ்வளவு வட்டமாக இருக்கிறது என்பதன் அளவு) எங்குமே 3 டெசிபலுக்குள் இறங்கவில்லை. கட்டியைப் பெயர்த்துப் பார்த்தோம். ஒரு மூலையில் எபாக்சிப் பசை அட்டை கனத்துக்கு உறைந்திருந்தது.

அடிப்பக்கத்தைக் கண்ணாடிமேல் நைஸ் சிலிக்கான் கார்பைடு தூள் போட்டுத் தேயுங்கள். சிமுலேஷனில் 0.05, 0.1 மி.மீ. இடுக்கு விட்டும், ஒருமுறை சாய்த்து வைத்தும் ஓட்டிப் பாருங்கள். புரோபுக்காக (சக்தியை உள்ளே செலுத்தும் ஊசி) போட்ட துளையில் தங்கும் காற்றும் இதே கேடுதான். அதற்குப் பதில் பக்கச் சுவரில் செப்புப் பட்டை ஒட்டலாம். அப்புறம், அந்த டேப்பின் பசையும் ஒரு இடுக்குதான், மறக்க வேண்டாம்.

இரண்டு பட்டைகள்

எஸ்11 மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே இருக்கும் பட்டையும், ஆக்சியல் ரேஷியோ 3 டெசிபலுக்குள் இருக்கும் பட்டையும் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதிதான் உங்கள் பேண்ட்விட்த். பெரியதை மட்டும் அறிக்கையில் போட்டால் வைவாவில் மாட்டுவீர்கள்.

நேர்மேலே மட்டும் அளப்பது

ஆக்சியல் ரேஷியோவை 30 டிகிரி சாய்த்தும் அளங்கள்.

சுழலும் திசை

ஜி.பி.எஸ். அலை வலக்கைச் சுழற்சி. உங்கள் ஆண்டெனா எந்தத் திசையில் சுழற்றுகிறது என்று கட்டியை ஒட்டும் முன்பே பாருங்கள்.