மனந்திரும்புவது எப்படி? எண்ணத்திலிருந்து தொடங்குங்கள்

"மனந்திரும்புங்கள்" என்று பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். வீட்டுக்கு வந்து, சரி, இப்போது உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தால்தான் திணறல். பலரும் கண்ணை மூடி, "ஆண்டவரே, தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களையெல்லாம் மன்னியும்" என்று ஒரு வரி சொல்லி, ஆமென் போட்டு எழுந்துவிடுகிறோம். அந்த ஜெபம் தவறில்லை. ஆனால் அதில் எந்தப் பாவத்துக்கும் பெயர் இல்லை, அதனால் மறுநாள் காலையில் மாற வேண்டியது என்ன என்பதும் தெரியாது.

ஏசாயா 55:7 துன்மார்க்கன் தன் வழியை விட வேண்டும் என்பதோடு நிற்கவில்லை, அக்கிரமக்காரன் தன் நினைவுகளையும் விட்டுக் கர்த்தரிடத்தில் திரும்பக்கடவன் என்கிறது. வழியை மாற்றிக்கொள்வது வெளியே தெரியும், நாலு பேர் பாராட்டுவார்கள். நினைவுகளை யார் பார்க்கிறார்கள்? மலைப்பிரசங்கத்தில் இயேசு கொலையைப் பேசும்போது கோபத்துக்கும், விபசாரத்தைப் பேசும்போது பார்வைக்கும் போனது இதற்காகத்தான். செயலில் மட்டும் மனந்திரும்பினால் அதே எண்ணம் வேறு உருவத்தில் திரும்பி வரும்.

இரவில் கால் மணி நேரம்

தூங்கப் போகும் முன் கால் மணி நேரம் போதும். "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்று சங்கீதம் 4:4 சொல்வதும் இந்த நேரத்தைத்தான். ஒரு தாள், ஒரு பேனா. போனில் எழுதுவேன் என்றால் எழுதுங்கள், ஆனால் இணைய இணைப்பை நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

முதலில் அந்த நாளுக்காக நன்றி சொல்லுங்கள். 16-ம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தன் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆத்தும சோதனையும் நன்றியில்தான் தொடங்குகிறது, பாவக் கணக்கு பிறகுதான் வரும். நீங்கள் எந்த சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இந்த வரிசை உதவும். நேசிக்கிற ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைவோடு ஆரம்பித்தால் பொய் சொல்லத் தோன்றாது.

அப்புறம் சங்கீதம் 139:23-24-ஐ ஜெபமாகச் சொல்லுங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." ஆராய்வது அவர் வேலை என்று விட்டுக்கொடுப்பது முக்கியம். இருதயமே எல்லாவற்றைப்பார்க்கிலும் திருக்குள்ளது என்று எரேமியா எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட இருதயத்திடமே "உன்னிடம் ஏதாவது தப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்கே தெரியும்.

வந்த எண்ணம் வேறு, உட்கார வைத்த எண்ணம் வேறு

இங்கேதான் நிறையப் பேர் தங்களையே வதைத்துக்கொள்கிறார்கள். ஜெபத்தின் நடுவில் அசிங்கமான ஒரு நினைப்பு குறுக்கே ஓடிவிட்டால், "நான் இரட்சிக்கப்பட்டவனே இல்லையோ" என்று நாள் முழுக்கக் கலங்குகிறவர்கள் உண்டு. 4-ம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், மனிதனைத் தொல்லைப்படுத்தும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். பிற்காலத்தில் தலையான பாவங்கள் ஏழு என்று சொல்லப்பட்ட பட்டியலுக்கு வேர் அதுதான். இந்த எண்ணங்கள் நம்மைத் தொடுமா தொடாதா என்பது நம் கையில் இல்லை, அவை நம்மிடம் தங்குமா இல்லையா என்பது நம் கையில் இருக்கிறது என்றார் அவர். யாக்கோபு 1:14-15-ம் இச்சை உடனே பாவம் என்று சொல்லவில்லை, இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கிறது என்கிறது. நடுவில் ஒரு காலம் இருக்கிறது. இயேசுவும் சோதிக்கப்பட்டார், பாவம் செய்யவில்லை.

ஆகவே "இன்று என்ன கெட்ட எண்ணம் வந்தது?" என்று கேட்காதீர்கள். "எந்த எண்ணத்துக்கு நான் இரண்டாம் முறை திரும்பிப் போனேன்? எதை உட்கார வைத்துச் சோறு போட்டேன்?" என்று கேளுங்கள். உதாரணமாக, குளிக்கும்போதும் நடக்கும்போதும் மனசுக்குள் ஒருவரோடு வாதம் நடக்கும். அவர் ஒன்று சொல்வார், நாம் நறுக்கென்று பதில் சொல்வோம், அவர் வாயடைத்து நிற்பார். அவர் பேச வேண்டிய வசனத்தையும் நாமே எழுதுவதால் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பது நாம்தான். இது ஒரு வாரம் ஓடிய பிறகு அந்த ஆளை நேரில் பார்த்தால், அவர் சொல்லாத வார்த்தைக்கெல்லாம் அவர்மேல் கோபம் இருக்கும்.

அந்த எண்ணத்தைத் தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "என்னை மட்டம் தட்டவே அவர் என் செய்திக்குப் பதில் போடவில்லை." இனி பிலிப்பியர் 4:8-ஐ எடுங்கள். அதில் எட்டு அளவுகோல்கள் இருக்கின்றன, முதல் இரண்டு மூன்றிலேயே பெரும்பாலான எண்ணங்கள் சிக்கிவிடும். உண்மையுள்ளதா? அவர் பதில் போடவில்லை என்பது உண்மை. மட்டம் தட்டத்தான் என்பது நாம் ஒட்ட வைத்தது. நீதியுள்ளதா? போன மாதம் நாம் யாருக்கோ பதில் போடாமல் விட்டபோது "வேலை அதிகம்" என்று நமக்கே சலுகை கொடுத்தோமே, அதே சலுகை அவருக்கும் உண்டா?

இதை நேர்மறைச் சிந்தனை என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லாம் நல்லதுக்கே என்று சிரித்துக்கொண்டிருக்கச் சொல்லி வேதம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை, சங்கீதங்களில் புலம்பலும் முறையிடுதலும் நிறையவே இருக்கின்றன. உங்களுக்கு ஒருவர் உண்மையிலேயே அநியாயம் செய்திருந்தால், அது அநியாயம் என்று எழுதுவதுதான் நீதியான சிந்தனை. அதற்கு மேல் கற்பனையை ஏற்றாமல் இருந்தால் போதும்.

நியாயத்தீர்ப்பை உங்கள் பக்கம் திருப்புங்கள்

தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்றதும் நம்மில் பலருக்கு அடுத்தவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். ஒருவருக்கு வியாதி, ஒரு குடும்பத்தில் விபத்து என்று கேட்டவுடன் "என்ன பண்ணினார்களோ" என்று ஒரு பேச்சு கிளம்பும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை எடுத்து, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டார். அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்லி, நீங்கள் மனந்திரும்பாமற்போனால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திருப்பிவிட்டார் (லூக்கா 13:4-5). அடுத்தவர் துன்பத்துக்கு உரை எழுதும் வேலையை நமக்கு யாரும் கொடுக்கவில்லை.

இதைச் செய்முறையாக்க நாத்தான் தீர்க்கதரிசியின் வழியைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏராளமான ஆடுமாடுகள் வைத்திருந்த ஐசுவரியவான், தரித்திரனுடைய ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்த கதையை அவர் சொன்னதும், அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டிருந்த தாவீது ராஜா கொதித்துப்போய் தீர்ப்பே எழுதிவிட்டான்: அவன் மரணத்துக்குப் பாத்திரன், ஆட்டுக்கு நாலத்தனை (நான்கு மடங்கு) திரும்பச் செலுத்த வேண்டும். அப்போதுதான் "நீயே அந்த மனுஷன்" வந்தது. ஆகவே இன்று உங்களுக்கு மிக அதிகமாக எரிச்சல் மூட்டியவர் யாரோ, அவரைப் பற்றி மனசில் கொடுத்த தீர்ப்பை அப்படியே எழுதுங்கள். "பேராசைக்காரர்", "எப்போதும் தன்னைப் பற்றியே பேசுகிறவர்", எதுவாக இருந்தாலும் சரி. பிறகு பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டு வாசியுங்கள். எல்லாத் தீர்ப்பும் பொருந்தாது. பொருந்துகிற ஒன்று கிடைத்தால் அன்றைய இரவுக்கு அது போதும்.

இதில் பயம் இல்லையா என்றால், இருக்கத்தான் வேண்டும். எபிரேயர் 4:13 சகலமும் அவருடைய கண்களுக்கு முன்பாக நிர்வாணமாயிருக்கிறது என்கிறது. மூன்று வசனம் தள்ளி அதே அதிகாரம் கிருபாசனத்தண்டைக்கு, அதாவது கிருபை தருகிற அவருடைய சிங்காசனத்துக்குப் பக்கத்தில், தைரியமாய் வரச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் தெரிந்தவர் நியாயந்தீர்க்கிறார் என்றால், அவரிடம் நடிக்க வேண்டிய அவசியம் இல்லை. நமக்கு அநியாயம் செய்தவரைப் பழிவாங்கும் பாரத்தையும் அவரிடமே விட்டுவிடலாம் (ரோமர் 12:19).

அறிக்கை: காரணத்தை அடித்துவிட்டு எழுதுங்கள்

1 சாமுவேல் 15-ல், எதிரிகளின் ஆடுமாடுகளையும் மிச்சம் வைக்காமல் அழிக்கச் சொன்ன கட்டளையை மீறிய சவுல் ராஜா பேசுவதைக் கவனமாக வாசித்துப் பாருங்கள். முதலில், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டேன் என்கிறான். அப்படியென்றால் காதில் விழுகிற ஆடுமாடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் தீர்க்கதரிசி கேட்கிறார். நலமானவைகளைத் தப்பவைத்தது ஜனங்களாம், அதுவும் பலியிடுவதற்காம், மற்றவைகளை அழித்தது மட்டும் "நாங்கள்". கடைசியில் "பாவஞ்செய்தேன்" என்று வாயில் வருகிறது, கூடவே ஜனங்களுக்குப் பயந்தேன் என்ற காரணமும் வருகிறது. அடுத்த மூச்சில் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்ற வேண்டுகோள். தாவீது செய்தது இதைவிடக் கொடுமையானது, அடுத்தவன் மனைவியை எடுத்து, அவனைக் கொல்லவும் வைத்தான். ஆனால் பிடிபட்டபோது சொன்னது ஒரே வரி: "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." அந்தப் பெண் பத்சேபாளையோ, போர்ச் சூழ்நிலையையோ, தன் தனிமையையோ இழுக்கவில்லை.

எழுதும்போது இப்படிச் செய்யுங்கள். முதலில் மனசில் வருகிற மாதிரியே எழுதுங்கள்: "வேலையில் கொஞ்சம் நேர்மை இல்லாமல் நடந்துகொண்டேன், அழுத்தம் அதிகம்." இதில் "கொஞ்சம்" போகட்டும், "அழுத்தம் அதிகம்" போகட்டும். யாருக்கு, என்ன செய்தேன் என்று மறுபடியும் எழுதினால் இப்படி வரும்: "உடன் வேலை செய்கிறவர் தயாரித்த அறிக்கையை மேலதிகாரியிடம் என்னுடையது போலக் காட்டினேன். பாராட்டு வந்தபோது வாயைத் திறக்கவில்லை." இன்னும் ஒரு வரி, அடியில் கிடக்கிற எண்ணம்: "அவருக்கு ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது, எனக்குத்தான் இது தேவை என்று நினைத்தேன்." இந்தக் கடைசி வரி கிடைக்கும் வரை அவசரப்படாதீர்கள்.

அதன்பின் 1 யோவான் 1:9-ஐ வாசித்து, மன்னிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, அதற்கு இந்தத் தாள் நல்ல தயாரிப்பு. மற்ற சபைகளிலும் ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டபிறகும் நெஞ்சு அரித்துக்கொண்டே இருந்தால் 2 கொரிந்தியர் 7:10-ஐப் பாருங்கள். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்கும், லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்கும் என்று பவுல் இரண்டைப் பிரிக்கிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், பாவஞ்செய்தேன் என்றும் சொன்னான், ஆனால் அதோடு தனியாகப் போய்விட்டான். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்து மனங்கசந்து அழுத பேதுரு மற்ற சீஷர்களை விட்டு விலகவில்லை, அவர்களோடு மீன்பிடிக்கப் போன இடத்தில் ஆண்டவர் அவனைச் சந்தித்துப் பேசினார். குற்ற உணர்வு உங்களைத் தனிமைக்குள் இழுக்கிறது, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

திருப்பிக் கொடுக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுங்கள்

நாத்தானின் கதையில் வந்த ஐசுவரியவானுக்குத் தாவீது விதித்த நாலத்தனையை, வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயு யாரும் கேட்காமலே தனக்கு விதித்துக்கொண்டான், அதோடு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான். லேவியராகமம் 6:5, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. நமக்கு இந்தக் கணக்கு சட்டமாக இல்லாமல் போகலாம். ஆனாலும் எடுத்த பணத்தை வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பது எந்தக் கணக்கிலும் வராது. மேலே சொன்ன அலுவலக அறிக்கை விஷயத்தில் திருப்பிக் கொடுப்பது என்றால் மேலதிகாரியிடம் போய் "அதைத் தயாரித்தது அவர்" என்று சொல்வதுதான். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் ரகசியமாக மன்னிப்புக் கேட்டுவிட்டு நல்ல பெயரை நாமே வைத்துக்கொண்டால் பாதி வேலை பாக்கி.

மன்னிப்புக் கேட்கப் போகும்போது "உங்கள் மனசு புண்பட்டிருந்தால்" என்று இழுக்காதீர்கள். செய்ததைச் சொல்லுங்கள், நிறுத்துங்கள். உடனே மன்னிக்க வேண்டும் என்று வசனம் காட்டி நெருக்காதீர்கள், அவருக்கு மாதங்கள் ஆகலாம்.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்ட வேண்டும் என்றும் இல்லை. பாதிப்பு எதுவரை போனதோ அதுவரைக்கும்தான் அறிக்கையும் போக வேண்டும் என்பது என் கருத்து. மனசுக்குள் ஒருவரைக் கேவலமாக நினைத்தது அவருக்குத் தெரியாது என்றால், போய் "உங்களை இப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். அது தேவனிடம் சொல்ல வேண்டியது. நீங்கள் நேரில் வந்து நின்றாலே அஞ்சுகிற அளவுக்கு ஒருவரைக் காயப்படுத்தியிருந்தால், நடுவில் ஒருவர் மூலமாகப் பேசுங்கள். குற்றம் என்று சட்டம் சொல்கிற செயலாக இருந்தால் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தாவீதுக்கு மன்னிப்பு கிடைத்த பிறகும் விளைவுகள் நீங்கவில்லை.

மறுபடியும் விழுந்தால்

விழுவீர்கள். 1517-ல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 வாதங்களில் முதலாவதே, விசுவாசிகளின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். அதே பாவத்துக்கு அதே ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காமல், தாள்களை எடுத்து வரிசையாக வாசியுங்கள். எந்த நேரத்தில், யாரோடு பேசிய பிறகு, எதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் வந்து உட்காருகிறது என்று பிடிபடும். அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். எபேசியர் 4:28 திருடனைத் திருடாதே என்று மட்டும் சொல்லி விடவில்லை, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கும்படி தன் கைகளால் பிரயாசப்படச் சொல்கிறது. பொறாமை என்றால், அந்த ஆளைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் ஒரு நல்ல வார்த்தை, உண்மையான வார்த்தை, சொல்லுங்கள். வாயில் வர மறுக்கும். வந்தபிறகு கொஞ்சம் இலேசாகும்.

இன்னொன்று, இதைத் தனியாக நடத்தாதீர்கள். மாதம் ஒருமுறையாவது அந்தத் தாளை ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். போதகரோ குருவானவரோதான் வேண்டும் என்பதில்லை, உங்களைப் பார்த்துப் பிரமிக்காதவராகவும், கேட்டதும் அதிர்ச்சியாகாதவராகவும் இருந்தால் நல்லது. நீங்கள் சொன்னதை "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் மறுநாளே சபை முழுக்கப் பரப்பிவிடக்கூடிய ஆளை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.