சிவப்புக் கோடு மறைந்துவிட்டது, நிரல் ஏன் பில்ட் ஆகவில்லை?

சி, சி++ கற்கத் தொடங்குகிறவர்கள் மொழியில் தடுக்கி விழுவதைவிட, விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் ஒரு சிஸ்டம் லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பை, சேர்க்கும்போது விழுவதுதான் அதிகம். கர்ல், எஸ்டிஎல், என்கர்சஸ், எதுவானாலும் குழிகள் அதேதான். நானும் எல்லாவற்றிலும் விழுந்து எழுந்தவன். அரைப்புள்ளி விட்டுப்போனது, கோப்பைச் சேமிக்க மறந்தது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. லினக்ஸை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எடிட்டருக்குள்ளேயே கம்பைலர் இருக்கிறது என்று நம்புவது

இல்லை. நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரை, ஜிசிசி அல்லது கிளாங்கை, தனியாக நிறுவ வேண்டும்.

லைப்ரரியை நிறுவிவிட்டு ஹெட்டரை மறப்பது

டெபியனிலும் உபுண்டுவிலும், ஏற்கெனவே உருவான நிரலை ஓட்டுவதற்கு ஒரு பேக்கேஜ், புதிதாக நிரல் எழுதுவதற்கு இன்னொரு பேக்கேஜ் என்று பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டாவதின் பெயர் 'டெவ்' என்று முடியும், ஃபெடோராவில் 'டெவல்'. லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெட்டர் கோப்புகள் அதில்தான் இருக்கும்.

சிவப்பு நெளிகோட்டைத் துரத்துவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அண்மையில் ஓர் இளைஞர் தன் திரையைக் காட்டினார். ஹெட்டர்களை எங்கே தேடுவது என்று சொல்லும் 'இன்க்லூட் பாத்' பட்டியல் திரையைத் தாண்டி நீண்டிருந்தது. எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. பில்ட் செய்தால் மட்டும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்ற பிழை, பக்கத்திலேயே கர்ல் ஃபங்ஷன் ஒன்றின் பெயர். உடனே அவர் பட்டியலில் இன்னொரு பாதையைச் சேர்ப்பார், மீண்டும் பில்ட், மீண்டும் அதே பிழை. ஒரு மாலைப் பொழுது முழுக்க இப்படியே போயிருக்கிறது.

அந்தப் பட்டியலைக் கம்பைலர் படிப்பதே இல்லை. நாம் தட்டச்சு செய்யும்போது பெயர்களை எடுத்துக் கொடுப்பதும் சிவப்புக் கோடு போடுவதும் இன்டெலிசென்ஸின் வேலை. பட்டியல் அதற்கு மட்டுமே. பில்ட் கட்டளை 'டாஸ்க்ஸ்' என்ற வேறொரு ஜேசான் கோப்பில் இருக்கிறது. ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தானாகப் போய்ச் சேராது.

பிழைச்செய்தி யாருடையது என்று முதலில் பாருங்கள். 'நோ சச் ஃபைல்' என்று ஹெட்டரைக் காணாமல் நிற்பது கம்பைலர். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்பது, நிரலையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லிங்கர். லிங்கர் வரை வந்துவிட்டால் ஹெட்டர் கிடைத்துவிட்டது என்றே பொருள். இனி எத்தனை ஹெட்டர் பாதை சேர்த்தாலும் பயனில்லை. கட்டளையில் சிறிய 'எல்' கொடியோடு (கொடி என்பது கட்டளையோடு சேர்க்கும் குறிப்பு) லைப்ரரியின் பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

அதையும் எங்கே எழுதுகிறோம் என்பது முக்கியம். லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. உபுண்டுவில், அதுவரை யாரும் கேட்காத லைப்ரரியை அது ஒதுக்கிவிட்டுப் போய்விடும். ஆகவே உங்கள் நிரல் கோப்பு முதலில், லைப்ரரி அதற்குப் பின்னால். டெபியனில் தலைகீழாக எழுதியும் ஓடிய கட்டளை உபுண்டுவில் படுத்துவிட்டால் முதலில் இந்த வரிசையைப் பாருங்கள்.

இளைஞரின் டாஸ்க்ஸ் கோப்பில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு லைப்ரரிகளை ஒரே மேற்கோள் குறிக்குள், நடுவில் இடைவெளி விட்டு எழுதியிருந்தார். அது ஒரே சொல்லாகத்தான் லிங்கருக்குப் போகும். இடைவெளியையும் சேர்த்துப் பெயராகக் கொண்ட லைப்ரரியை அது தேடும். ஒவ்வொன்றுக்கும் தனி மேற்கோள், நடுவில் காற்புள்ளி.

நெளிகோட்டையே அணைத்துவிடு என்று அவருக்கு யாரோ யோசனை வேறு சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், கோடு மறையும், பிழை அப்படியே இருக்கும்!

ஒரு கோப்பு மட்டும் பில்ட் ஆவதைக் கவனிக்காதது

எடிட்டர் தானாக எழுதித் தரும் டாஸ்க், திறந்திருக்கும் கோப்பை மட்டுமே பில்ட் செய்யும். இரண்டாவது கோப்பில் நீங்களே எழுதிய ஃபங்ஷனுக்கும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வந்தால் லைப்ரரியைத் திட்டாதீர்கள்.

நேற்று ஓடியதே என்பது

சியில் இரண்டின் வர்க்கமூலத்தைக் கேட்டால் ஜிசிசி தானே விடையைக் கணக்கிட்டு எழுதிவிடும். கணித லைப்ரரியை இணைக்காமலே நிரல் ஓடும். அந்த இரண்டின் இடத்தில், பயனர் தரும் எண்ணை வாங்கும் மாறியை வைத்துப் பாருங்கள். லிங்கர் நின்றுவிடும்.

ஹெட்டர்களைக் கையால் நகலெடுத்து சிஸ்டம் கோப்புறையில் போடுவது

வேண்டாம்.

பாதைகளை ஊகிப்பது

டெர்மினலில் பேக்கேஜ்-கான்ஃபிக் என்ற கருவியிடம் கேட்டால், ஒரு லைப்ரரிக்கு வேண்டிய கொடிகளை அதுவே சொல்லும். அவற்றை வைத்து டெர்மினலிலேயே ஒருமுறை பில்ட் செய்யுங்கள். அங்கே ஓடாதது எடிட்டரில் ஓடாது. ஓடியபின், அதே கொடிகளை அதே வரிசையில் டாஸ்க்ஸ் கோப்பில் எழுதுங்கள்.

கோப்புகள் பெருகினால், பில்டை நிர்வகிக்கும் சிமேக் என்ற கருவிக்கு மாறிவிடலாம். கம்பைல் கட்டளைகளை ஒரு ஜேசான் கோப்பாக எழுதித் தரும் வசதி அதில் உண்டு. மேக்ஃபைல், நின்ஜா இரண்டு வகை பில்டுக்கும் அது கிடைக்கும். அந்தக் கோப்பை இன்டெலிசென்ஸுக்குக் காட்டிவிட்டால், கம்பைலர் பார்க்கும் பாதைகளையே எடிட்டரும் பார்க்கும்.