ஊசியில் நூல் கோர்க்கும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் போவது ஏன்? குறும்பார்வையில் நாம் விடும் தவறுகள்

"எங்க புள்ளைக்குக் கண்ணுல ஒரு கொறையும் இல்லீங்க டீச்சர். எனக்கு ஊசியில நூல் கோத்துத் தாறதே அவதான்."

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களுக்கு மிகவும் பழகிப்போன பதில் இது. அந்தத் தாய் சொல்வது உண்மைதான். பிள்ளை நூல் கோர்ப்பாள், அரிசியில் கல் பொறுக்குவாள், பொடி எழுத்தையும் வாசிப்பாள். ஆனால் வகுப்பில் மூன்றாவது வாங்கில் இருந்துகொண்டு, பலகையில் எழுதியதை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவாள். பலகையில் 3 என்று இருந்தது இவள் கொப்பியில் 8 ஆகியிருக்கும். கணக்கு பிழைத்ததற்கு ஏச்சும் வாங்குவாள். குறும்பார்வை, அதாவது கிட்டப்பார்வை, இப்படித்தான் இருக்கும். கிட்ட இருப்பது கண்ணாடி போலத் தெளிவு, எட்ட இருப்பது மங்கல். கிட்டப் பார்த்தே எல்லா வேலையும் நடக்கும் லயக் காம்பராவுக்குள், தோட்டத் தொழிலாளரின் ஒற்றை அறை வீட்டுக்குள், அது யார் கண்ணிலும் படாது.

ஆகவே முதல் தவறு, பிள்ளையே வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதையே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, மற்றவர்களுக்கு இதைவிட நன்றாகத் தெரிகிறது என்பதே தெரியாது. நாம்தான் கவனிக்க வேண்டும். தூரத்தைப் பார்க்கும்போது கண்ணை இடுக்குகிறதா? டீவிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறதா? பஸ் கிட்ட வந்து நின்ற பிறகுதான் பெயர்ப் பலகையை வாசிக்கிறதா? எதிர்ப் பாதையில் வரும் மாமாவைக் குரல் கேட்ட பிறகுதான் அடையாளம் காண்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வெளிச்சமான பகலில், இஸ்தோப்பு (முன் திண்ணை) சுவரில் மாட்டிய கலண்டரின் எழுத்துகளைச் சில மீற்றர் தள்ளி நின்று வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் தூரமாக அது இருக்கட்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மற்றக் கண்ணால், பிறகு மாற்றி. இந்த மூடிப் பார்ப்பது மிக முக்கியம். ஒரு கண் மட்டும் பழுதாக இருந்தால், நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், குறை வெளியே தெரியாது. கவனிக்காமல் விட்ட அந்தக் கண்ணை மூளையும் கைவிட்டுவிடும். அதை 'சோம்பல் கண்' என்பார்கள். வயது ஏற ஏறத் திருத்துவது கடினம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து செய்யும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்ணையும் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது தரம் 1, 4, 7, 10 என்று இடைவெளி விட்டு வருவது. தரம் நான்கில் சரியாக இருந்த கண்ணில் தரம் ஆறுக்குள் மைனஸ் 2 என்ற அளவு வரை குறும்பார்வை வந்துவிடலாம். "ஸ்கூல்ல பார்த்தாங்க, ஒண்ணும் இல்லன்னாங்க" என்று மூன்று வருடம் சும்மா இருந்துவிடாதீர்கள்.

கண்ணுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றத் தவறுகள் தாமாகவே விளங்கும். பிறந்த குழந்தையின் கண்விழி முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் நீளம். வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 24. இந்த வளர்ச்சி அளவோடு நின்றால் தூரத்துப் பொருளின் பிம்பம் கண்ணின் பின்பக்கத்தில் இருக்கும் விழித்திரையில் சரியாக விழும். விழி அளவுக்கு மேல் நீண்டுவிட்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் கூடினாலே ஏறக்குறைய இரண்டரைப் பவர் ஏறும். கண்ணைச் சோதித்துவிட்டுத் துண்டில் எழுதித் தரும் மைனஸ் எண்ணுக்கும் பொருள் இதுதான். மைனஸ் 1 என்றால் ஒரு மீற்றர் வரைதான் தெளிவு. மைனஸ் 2 என்றால் அரை மீற்றர். மைனஸ் 4 உள்ள பிள்ளைக்குக் கால் மீற்றருக்கு அப்பால் எல்லாமே மங்கல். நீண்ட விழி திரும்பச் சுருங்காது. ஆகவே கரட் சாறு, கண் பயிற்சி, நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், தேன் எதுவும் குறும்பார்வையை மாற்றப்போவதில்லை. கரட் நல்ல சாப்பாடு, கொடுங்கள். ஆனால் கண்ணுக்குள் எதையும் பிழிந்து விடாதீர்கள். கிருமி போய்ப் புண்ணானால், குறும்பார்வையைவிடப் பெரிய கேடு அது.

"கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப்போகும்" என்ற பேச்சு மலையகத்தில் பல பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்திருக்கிறது. கண்ணாடி போட்ட அடுத்த வருடம் பவர் ஏறுவது உண்மை. ஆனால் அது கண்ணாடியால் ஏறவில்லை. பிள்ளை வளர்கிறது, அதோடு விழியும் நீள்கிறது. கண்ணாடி போடாவிட்டாலும் ஏறியிருக்கும், நமக்குத் தெரியாமல் ஏறியிருக்கும். இன்னும் சிலர் 'கண்ணுக்குக் கொஞ்சம் வேலை கொடுப்போம்' என்று வேண்டுமென்றே குறைந்த பவரில் கண்ணாடி செய்விக்கிறார்கள். மலேசியாவில் பிள்ளைகளை இரண்டு வருடம் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வொன்றில், பவரைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கே குறும்பார்வை கூடுதலாக ஏறியிருந்தது. கண் எவ்வளவு கேட்கிறதோ, அவ்வளவு பவர் கொடுக்க வேண்டும். அது மட்டும்தான் சரி.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு தடை. "இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு யார் கட்டுவான்?" இதைக் கேட்கும்போது எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்தே வரும். தரம் ஆறில் இருக்கும் ஒரு பிள்ளை பலகை தெரியாமல், டீச்சருக்கும் பயந்து, கடைசியில் 'எனக்குப் படிப்பு ஏறாது' என்று தானே நம்பிக்கொண்டு கொழுந்துக் கூடையைத் தூக்குவதைவிடவா கண்ணாடி பெரிய குறை?

இனி, நம் ஊருக்கே உரிய தவறு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. குளிர், மழை, பனிமூட்டம் என்று பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அட்டை, குளவி, சில தோட்டங்களில் சிறுத்தை என்று பயப்படவும் காரணம் உண்டு. அதோடு தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை. ஸ்கூல் விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் பழைய வினாத்தாள், சனி ஞாயிறும் வகுப்பு. குறும்பார்வை பெரும்பாலும் தொடங்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை பகல் வெளிச்சத்தையே காணாமல் போகிறது.

பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற இரசாயனம் சுரக்கிறது, அது விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதுக்காரரை, ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. பெற்றோருக்குக் குறும்பார்வை இருக்கும் அளவு இரு ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சிங்கப்பூரில் 29.1 வீதம் பிள்ளைகளுக்குக் குறும்பார்வை, சிட்னியில் 3.3 வீதம். சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணித்தியாலம் வெளியே இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணித்தியாலம். சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே ஒரு பாடவேளை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 வீதத்தினருக்குக் குறும்பார்வை வந்தது, வழமைபோல இருந்தவர்களில் 39.5 வீதத்தினருக்கு. தாய்வான் பாடசாலைகளில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வெளியில் என்பதையே இலக்காக வைத்து 2010இலிருந்து நடத்துகிறார்கள்.

'நுவரெலியாவில் ஏது வெயில்?' என்று கேட்பீர்கள். வெயில் தேவையில்லை, வெளிச்சம்தான் தேவை. மப்பும் மந்தாரமுமாக இருக்கும் பகலிலும் வெட்டவெளியில் பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். நல்ல வெளிச்சமான வகுப்பறைக்குள்ளேயே சில நூறு லக்ஸ்தான். சின்ன ஜன்னலும் ஒரு பல்பும் உள்ள லயக் காம்பராவில் அதுவும் இல்லை. ஆகவே ஸ்வெட்டரைப் போட்டு, தொப்பியை மாட்டி, வெளியே விடுங்கள். மர நிழலில் விளையாடினாலும் பலன் உண்டு. சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. காட்டோரம் பயம் என்றால் லயத்து வாசல், கோயில் முற்றம், தோட்டத்து கிரவுண்ட் போதும். இரண்டு மணித்தியாலத்தை ஒரே மூச்சில் கொடுக்கவும் வேண்டாம். நடந்து பாடசாலைக்குப் போய் வருவதும் கணக்கில் சேரும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தரம் ஐந்தின் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுக்காதீர்கள். இடைவேளையில் பிள்ளைகளை வகுப்புக்குள் அடைத்து வைக்காதீர்கள்.

வெளிச்சம் குறும்பார்வை வராமல் தடுப்பதில்தான் நன்றாக வேலை செய்கிறது. வந்த பிறகு ஏறுவதைக் குறைப்பதில் அதன் பங்கு சிறியது. அதனால் தாய் தகப்பன் இருவருக்கும் கண்ணாடி இருந்தால், பிள்ளை முன்பள்ளிக்குப் போகும் வயதிலிருந்தே இதைப் பழக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல்.

போனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது குறும்பார்வையைத் தடுக்காது. கேடு ஒளியின் நிறத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. கொரோனா காலத்தில் சிக்னலுக்காக மலை ஏறிப் படித்த பிள்ளைகள், அந்தச் சின்னத் திரையை மூக்குக்கு நேரே பிடித்துத்தான் படித்தார்கள். புத்தகமோ போனோ, பாடசாலை அடிமட்டத்தின் நீளம், 30 சென்ரிமீற்றர், இடைவெளி இருக்கட்டும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து எதிர்மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்துக்கொண்டு வாசிப்பதையும் நிறுத்துங்கள், முகம் தன்னால் புத்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடி வாங்குவதிலும் தவறு நடக்கிறது. அண்ணனின் பழைய கண்ணாடியைத் தம்பிக்குப் போடுவது, டவுன் கடையில் மெஷினில் ஒரு நிமிடம் பார்த்துக் கையோடு வாங்கி வருவது. சின்னப் பிள்ளைகளின் கண் கிட்டப் பார்ப்பதற்காக இறுகிக்கொள்ளும் சக்தி மிக்கது. சோதிக்கும்போதும் இறுகியே இருந்தால், இல்லாத மைனஸைக் காட்டும், இருப்பதையும் கூட்டிக் காட்டும். அதனால்தான் கண் கிளினிக்கில் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் தளர்த்திவிட்டுப் பார்க்கிறார்கள். முதல் தடவையாவது பிள்ளைக்கு இந்தச் சோதனை நடக்க வேண்டும். நுவரெலியா, பதுளை, கண்டி அரச வைத்தியசாலைகளில் கண் பிரிவு உண்டு. கிளினிக்குக்குப் போனால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பிழையான கண்ணாடிக்குக் கொடுக்கும் காசு அதைவிட நட்டம்.

பவர் வருடாவருடம் அரை, ஒன்று என்று ஏறிக்கொண்டே போனால், 'வேகத்தைக் குறைக்க வழி உண்டா?' என்று கண் வைத்திய நிபுணரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மிகக் குறைந்த செறிவில், 0.01 முதல் 0.05 வீதம் வரை, அட்ரோபின் சொட்டு மருந்து இரவில் விடுவது ஒரு வழி. இதற்கென்றே செய்த விசேட கண்ணாடி வில்லைகளும் கொன்டக்ட் லென்ஸ்களும் உண்டு. இவை குணப்படுத்துவதில்லை, ஏறும் வேகத்தைக் குறைக்கின்றன. மைனஸ் 6ஐத் தாண்டிய கண்ணுக்குப் பிற்காலத்தில் விழித்திரை கழலுதல், குளுக்கோமா (கண் நரம்பைப் பழுதாக்கும் நோய்) போன்றவை வரும் ஆபத்து கூடுதல் என்பதால் அந்த வேகத்தைக் குறைப்பதே பெரிய இலாபம். சிறுவயதிலேயே தொடங்கும் குறும்பார்வைதான் அந்த அளவுக்குப் போகக்கூடியது.

சில அறிகுறிகளுக்குக் கிளினிக் நாளைப் பார்த்திருக்கக் கூடாது. திடீரெனக் கறுப்புப் புள்ளிகள் நிறையப் பறப்பது, மின்னல் வெட்டுவது, திரை விழுந்ததுபோல ஒரு பக்கம் மறைவது என்றால் அன்றைக்கே பெரிய வைத்தியசாலை. சில நாட்களுக்குள் பார்வை மங்கி, அதோடு தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் இருந்தால், உடனே இரத்தத்தில் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது பழைய கண்ணாடியையும் பழைய துண்டுகளையும் கொண்டு போங்கள், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க அதுதான் ஆதாரம். சொட்டு மருந்து விட்டால் பிள்ளைக்குக் கிட்ட வாசிக்க முடியாது, வெளிச்சமும் கூசும். சில மருந்துக்கு ஒரு நாள், சோதனைக்கு விடும் அட்ரோபினுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் அப்படி இருக்கும். ஆகவே தவணைப் பரீட்சை வாரத்தில் போகாமல், விடுமுறை தொடங்கும்போது நாள் கேட்டு வாங்குங்கள். அடுத்த பரிசோதனைக்கு ஆறு மாதமா ஒரு வருடமா என்பதையும் அங்கேயே கேட்டு, கொப்பியின் பின்னட்டையில் எழுதி வாங்கி வாருங்கள்.