சாஞ்சிக் கல்வெட்டைப் படிக்க: கடைசி எழுத்திலிருந்து தொடங்குங்கள்

இந்தியாவின் பழைய எழுத்துமுறையான பிராமியின் எழுத்துகளை எல்லாம் மனப்பாடம் செய்த பிறகுதான் கல்வெட்டுப் பக்கம் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சியில் உள்ள பெரிய பௌத்தத் தூபியின் கல்வேலி முன் நிற்பவருக்கு முதலில் வேண்டியவை இரண்டே எழுத்துகள்.

1. வரியின் வலக்கோடிக்குப் போங்கள். படுக்கைக் கோட்டின் நடுவே நட்டுவைத்த குச்சி போல ஓர் எழுத்து இருக்கும், அது 'ந'. அதன் பக்கத்துப் புள்ளி 'ம்'. அதற்கு முந்தியது 'தா'. சேர்த்தால் 'தானம்'. வேலியின் கல்லுக்குக் கல் இந்த முடிவு திரும்ப வருவதைக் கண்டுதான், இவை கொடை வாசகங்களாக இருக்கும் என்று ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் ஊகித்தார். பிராமியின் பூட்டு திறந்தது அப்படித்தான்.

2. யாருடைய தானம்? வேற்றுமை உருபு சொல்லின் இறுதியில் வருவது நமக்குப் பழக்கம்தானே, இந்தக் கல்வெட்டுகளின் மொழியான பிராகிருதத்திலும் அப்படியே. ஆண் பெயர் பெரும்பாலும் '-ஸ' என்று முடியும். 'ஆனந்தஸ' என்றால் ஆனந்தனுடைய. பிக்கு என்றால் 'பிகுனோ', பிக்குணி என்றால் 'பிகுனியா'. பிக்குணிகளின் கொடை இங்கே ஏராளம்.

3. இரட்டிப்பை நீங்களே சேர்த்துப் படியுங்கள். இந்தக் கல்வெட்டுகளில் ஒற்று இரட்டிப்பதில்லை. தமிழர் வழுக்கி விழும் இடம் 'புத' என்ற சொல். தூபியில் பார்த்ததும் புத்தர் என்று தோன்றும். அது 'புத்த' (putta), அதாவது புத்திரன். தெற்குத் தோரணத்தில் வரும் 'வாஸிடீபுதஸ ஆனந்தஸ தானம்' என்பது வாஸிடீ மகன் ஆனந்தனின் கொடை. சாதவாகன அரசன் சாதகணியின் கைவினைஞர் தலைவன் அவன்.

4. இனி ஒரு முழு வரி. மத்தியப் பிரதேசத்தின் இன்னொரு பௌத்தத் தூபியான பார்ஹுத்தின் வேலி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தூபியின் வாசகம் ஒன்று:

வேதிஸா சாபதேவாயா ரேவதிமித பாரியாய படமதபோ தானம்

பின்னாலிருந்து வாருங்கள். தானம் தெரியும். 'தபோ' நம் கொடித்தம்பத்தில் உள்ள தம்பம். 'படம' என்றால் முதல். 'பாரியாய' நம் பாரியாளேதான். சாஞ்சிக்கு அருகிலுள்ள விதிஷா நகரைச் சேர்ந்த, ரேவதிமித்திரனின் மனைவி சாபதேவா கொடுத்த முதல் தூண். அகராதி இல்லாமலே பாதி வந்துவிட்டது, பாருங்கள்!

வெளிச்சம் பக்கவாட்டில் விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். உச்சிவெயிலில் எழுத்து கல்லோடு கலந்துவிடும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பது பாவம்.

தெற்குத் தோரணத்தின் தூணில் 'தானம்' இல்லாத ஒரு வரியும் உண்டு: 'வேதிஸகேஹி தந்தகாரேஹி ரூபகம்மம் கதம்'. இங்கே '-ஹி' நம் 'ஆல்' உருபு. விதிஷாவின் தந்தவேலைக்காரர்களால் சிற்பவேலை செய்யப்பட்டது. அந்தத் தூணின் நுணுக்கத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒருமுறை இந்த வரியைப் படியுங்கள்.